ஏற்றமும் இறக்கமும்: புவியீர்ப்பு செய்யும் வேலை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது பௌதிகப் பாடப் புத்தகங்களில் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் இடம்பெறாத ஒரு விஷயம். ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்ந்து செல்லும்போது, அதை ஓயாமல் தன்பால் இழுத்துக்கொண்டிருக்கும் பூமியின் ஆகர்ஷணம் அப்பொருளின்மீது செய்கின்ற வேலை எவ்வளவு என்பதே அது. எடையை உயரத்தால் பெருக்கினால் விடை வந்துவிடுகிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்று, அத்தோடு அதை மறந்தும் விடுகிறார்கள். ஆனால், மலைமேல் பெய்த மழை சமவெளியில் விளக்காக எரிவதும், கிணற்றின் அடியில் கிடந்த நீர் கழனிக்கு ஏறி வருவதும், வால்நட்சத்திரம் சூரியனை அணுகி வந்து மீண்டும் அகன்று போவதும் எந்த நியதிக்கு உட்பட்டு நிகழ்கின்றனவோ, அந்த நியதி இந்தச் சிறு பெருக்கலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்பதை மனமார நம்புகிறவன் நான். ஆதலால் அதைச் சற்று நிதானமாகவே உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் வரையறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசைக்கு உட்பட்டிருக்கும் பொருள் நகருமானால், அந்த நகர்ச்சியில் விசையின் திசையிலே சென்ற பகுதி எவ்வளவோ அதை மட்டும் எடுத்து, விசையின் அளவால் பெருக்கி வருவதே அவ்விசை செய்த வேலையாகும். பூமியின் இழுப்பு எங்கும் செங்குத்தாகக் கீழ்நோக்கியது. ஆகவே பொருள் இறங்கும்போது அது செய்யும் வேலை நேர்க்குறி பெறுகிறது. ஏறும்போது எதிர்க்குறி பெறுகிறது. சமதளத்தில் நகரும்போது சுழியாகிறது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. அப்பொருள் ஒரு மீட்டர் இறங்கினால் 9.8 ஜூல் வேலை நடந்ததாகக் கணக்கு.

இந்த வரையறையைக் கேட்டவுடன் சிந்திக்கிற மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்பான், கேட்கவும் வேண்டும். ரயிலடியில் கூலியாள் ஒருவர் 40 கிலோ எடையுள்ள பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, வியர்வை வழிய நின்று, பெட்டியைக் கீழே இறக்குகிறார். அந்தப் பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்தியபோது புவியீர்ப்பு செய்த வேலை எதிர்க்குறியோடு 588 ஜூல். இறக்கியபோது நேர்க்குறியோடு அதே 588 ஜூல். இடையிலே நடந்த தூரம் முழுவதற்கும் சுழி. ஆக மொத்தம் சுழி. அப்படியானால் அந்த மனிதர் பட்ட பிரயாசைக்குச் சாஸ்திரத்தில் இடமே இல்லையா என்பதுதான் கேள்வி.

இடம் உண்டு. ஆனால் அது பெட்டிக்கும் பூமிக்கும் இடையிலான கணக்கில் இல்லை. அம்மனிதரின் தசைகளுக்குள்ளே இருக்கிறது. சுமையைத் தாங்கி நிற்கும் தசை, கல் தூணைப் போலச் சும்மா நிற்பதன்று. அதன் நுண்ணிய இழைகள் கணந்தோறும் சுருங்குவதும் தளர்வதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அவர் உண்ட உணவிலிருந்து பெற்ற சக்தி செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் சிறிது உயர்ந்து சிறிது தாழ்கிறது. உயர்வதற்குத் தசை சக்தியைச் செலவிடுகிறது. தாழும்போது புவியீர்ப்பு திருப்பித் தருவதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலோ தசைக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே பெட்டியின்மீது ஈர்ப்பு செய்த வேலை சுழி என்று பௌதிகம் கூறுவது அந்த உழைப்பாளியைக் குறைத்துச் சொல்வதாகாது. எந்தப் பொருளின்மீது எந்த விசை செய்த வேலை என்பதைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டால் இந்த ஐயம் தானே நீங்கிவிடும். என் அனுபவத்தில் இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவதெல்லாம் அப்படிப் பிரித்துக் கேளாமையினாலேயே.

இனி, நேராக விழாமல் சரிவிலே உருண்டு இறங்கும் பொருளைக் கவனிப்போம். செங்குத்துப் பாதையில் பத்து மீட்டர் இறங்குவதும், நீண்ட சாய்தளத்தில் ஐம்பது மீட்டர் உருண்டு அதே பத்து மீட்டர் ஆழத்தை அடைவதும் ஈர்ப்பின் கணக்கில் ஒன்றேயாகும். சாய்தளத்தில் பாதை ஐந்து மடங்கு நீண்டது. ஆனால் பாதையின் திசையில் செயல்படும் இழுப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெருக்கிப் பார்த்தால் விடை மாறுவதில்லை. பாதை வளைந்து நெளிந்து, நடுவில் மேடேறிப் பள்ளத்தில் விழுந்து சென்றாலும், அதைச் சின்னஞ்சிறு சாய்தளங்களின் தொடர்ச்சியாக எண்ணிக் கூட்டிக்கொண்டே வந்தால், ஏறிய பகுதிகளும் இறங்கிய பகுதிகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, இறுதியில் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

இந்த உண்மையை முதன்முதலில் தெளிவாகக் கண்ணெதிரே நிறுத்திக் காட்டியவர் கலிலியோ. 1633-இல் ரோமாபுரியின் சமய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்த பிறகு, பிளாரன்ஸ் நகரை அடுத்த அர்செத்ரியில் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டிருந்த அந்த முதியவர், தம் வாழ்நாளின் ஆராய்ச்சியையெல்லாம் திரட்டி ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் நூலை எழுதி முடித்தார். இத்தாலியில் வெளியிட வழியில்லாமற் போனதால் அது 1638-இல் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் அச்சேறிற்று. அச்சேறிய அவ்வாண்டிலே ஆசிரியருக்கோ இரு கண்களும் ஒளியிழந்து போயிருந்தன. அந்நூலில் அவர் ஓர் ஊசலை வர்ணிக்கிறார். சுவரில் அடித்த ஆணியிலிருந்து மெல்லிய நூலில் ஓர் ஈயக் குண்டைத் தொங்கவிட்டு, குண்டு எட்டும் உயரத்தில் சுவரின்மீது குறுக்கே ஒரு நேர்க்கோடு வரைந்து, கோட்டின் மட்டத்துக்குக் குண்டை இழுத்து விட்டுவிட்டால், அது கீழே பாய்ந்து மறுபுறம் ஏறி, ஏறத்தாழ அதே கோட்டின் மட்டத்தைத் தொடுகிறது. இப்போது முதல் ஆணிக்கு நேர் கீழே இரண்டாவது ஆணி ஒன்றை அடித்து, குண்டு கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது நூல் அந்த ஆணியிலே தடுக்குமாறு செய்கிறோம். மறுபுறம் குண்டு ஏறும் வளைவு முன்னையதினும் குறுகியது, செங்குத்தானது. ஆயினும் குண்டு அதே கோட்டின் மட்டத்துக்கே ஏறி நிற்கிறது. ஆணியை மேலும் கீழும் மாற்றி அடித்துப் பார்த்தாலும், குண்டு ஏறும் வழி மாறுகிறதேயன்றி ஏறும் மட்டம் மாறுவதில்லை. எந்தச் சரிவின் வழியாக இறங்கினாலும், ஒரே உயரம் இறங்கிய பொருள் ஒரே வேகத்தைப் பெறுகிறது என்று அவர் இதிலிருந்து முடிவு கட்டினார். ஆணிக்கும் நூலுக்கும் மேற்பட்ட கருவி எதையும் வேண்டாத இந்தப் பரிசோதனையை விஞ்ஞானச் சரித்திரத்திலேயே மிக அழகிய பரிசோதனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். இதை ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

இறங்கிய உயரத்துக்கும் அடைந்த வேகத்துக்கும் உள்ள உறவைக்கொண்டு இயங்கும் பொருளின் பலத்தை எப்படி அளப்பது என்பதில் பின்னர் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. கையிலிருந்து விடப்பட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது; அடுத்த விநாடியில் 14.7 மீட்டர் விழுகிறது. பூமியின் இழுப்பு இரண்டு விநாடிகளிலும் ஒன்றேதான்; ஆனால் இரண்டாவது விநாடியில் அது செய்யும் வேலை முதல் விநாடியைப்போல் மூன்று மடங்கு. பொருள் எவ்வளவு விரைந்து ஓடுகிறதோ அவ்வளவு விரைவாக ஈர்ப்பின் வேலையும் குவிகிறது. இரண்டு விநாடிகளின் முடிவில் கல்லின் வேகம் இரு மடங்காகிறது. விழுந்த தூரமோ நான்கு மடங்காகி 19.6 மீட்டரை எட்டிவிடுகிறது.

பிரெஞ்சு ஞானியாகிய டேக்கார்ட், இயங்கும் பொருளின் பலத்தை நிறையை வேகத்தால் பெருக்கி அளக்க வேண்டும் என்று கூறியிருந்தார். ஜெர்மானியரான லைப்னிட்ஸ் 1686-இல் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அதை மறுத்தார். அவருடைய யுக்தி இது: ஒரு ராத்தல் எடையை நான்கு முழம் தூக்குவதும் நான்கு ராத்தல் எடையை ஒரு முழம் தூக்குவதும் சமமான காரியங்கள் என்பதை எவரும் ஒப்புவர், அப்படியாயின் அவ்வெடைகள் விழுந்து தரையை அடையும்போது அவற்றின் பலமும் சமமாக இருந்தாக வேண்டும். நான்கு முழம் விழுந்தது பெறும் வேகம் இரண்டு என்றால், ஒரு முழம் விழுந்தது பெறும் வேகம் ஒன்று. டேக்கார்ட்டின் முறைப்படி பெருக்கினால் முன்னதற்கு இரண்டும் பின்னதற்கு நான்கும் வந்து சமத்துவம் குலைகிறது. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினாலோ இரண்டுக்கும் நான்கே வருகிறது. ஹாலந்து நாட்டு ஆசிரியர் கிராவசாண்டே 1720-களில் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழச்செய்து, அவை பதித்த பள்ளங்களை அளந்து பார்த்தபோது வர்க்கத்தின் கணக்கே நிலைபெற்றது; பிரெஞ்சு நாட்டு விதுஷி எமிலி து ஷாத்தலே 1740-இல் வெளியிட்ட தம் பௌதிக நூலில் அந்தப் பக்கத்தையே திறம்பட எடுத்து வாதாடினார். பின்வந்தவர்கள் இரு கட்சிகளுக்கும் அவரவர்க்குரிய இடத்தைக் கொடுத்தார்கள். விசையைக் காலத்தால் பெருக்கினால் உந்தத்தின் மாறுதல் வருகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்த இயக்கச் சக்தியின் மாறுதல் வருகிறது. அந்த இரண்டாவது பெருக்கற்பலனை வேலை என்று வகுத்து, நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கும் இன்றைய வடிவத்தை 1829-இல் வெளியிட்ட தம் இயந்திரவியல் நூலில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு எஞ்சினியர் கொரியோலி.

நண்பர்களே, இயந்திரங்களைக் கணக்கிடப் பிறந்த இந்தத் தத்துவத்தை விளக்க நம் நாட்டுக் கிணற்றடியிலேயே ஒரு சாதனம் இருந்தது. கொங்கு நாட்டில் கவலை என்றும், தென்பாண்டிச் சீமையில் கமலை என்றும் வழங்கிய நீரிறைப்பை உங்களில் வயது வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கிணற்றின் கரையிலிருந்து வெளிப்புறமாகக் கீழே சரிந்து செல்லும் ஒரு தடம் வெட்டப்பட்டிருக்கும். மாடுகள் அந்தச் சரிவிலே இறங்கிச் செல்லச் செல்ல, உருளையின்மீது ஓடும் வடம் கிணற்றுக்குள்ளிருந்து நீர் நிறைந்த சால் என்னும் கலத்தை மேலே இழுத்து வரும். ஓட்டுகிறவரும் வடத்தின்மீது ஏறி உட்கார்ந்து தம் உடலின் பாரத்தையும் சேர்த்துக் கொடுப்பார். சமதளத்தில் மாடுகளை நடத்தி இழுக்கச் செய்யாமல் சரிவு எதற்காக வெட்டினார்கள்?

கணக்கிட்டுப் பார்ப்போம். மாடுகள் இரண்டும் சேர்ந்து 600 கிலோ என்றும், தடத்தின் நீளம் 10 மீட்டர் என்றும், அத்தடம் 2 மீட்டர் தாழ்ந்து செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாடுகள் தடத்தின் அடிவரை இறங்கும்போது அவற்றின்மீது புவியீர்ப்பு செய்யும் வேலை 600-ஐ 9.8-ஆலும் 2-ஆலும் பெருக்க வரும் 11,760 ஜூல். அதே வேளையில் வடம் 10 மீட்டர் ஓடுகிறது. சாலிலுள்ள 120 கிலோ நீர் 10 மீட்டர் உயர்கிறது. அதன்மீது புவியீர்ப்பு செய்யும் வேலை எதிர்க்குறியோடு அதே 11,760 ஜூல். உருளையின் உராய்வையும் சாலின் எடையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், மாடுகளின் உடற்பாரமே நீரைத் தூக்கி விடுகிறது. அவற்றின் தசைகள் செய்ய வேண்டியது, சரிவில் கால் தவறாமல் நடந்து கொடுப்பதும் உராய்வுக்கு ஈடு செய்வதும் மட்டுமே.

அப்படியானால் நீர் இலவசமாகவா மேலே வந்தது? இல்லை. சால் வாய்க்காலில் கொட்டிய பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மீண்டும் மேட்டுக்கு வந்தாக வேண்டும். அப்போது 600 கிலோ பாரம் 2 மீட்டர் உயர்கிறது. ஈர்ப்பு தான் கொடுத்த 11,760 ஜூலையும் ஒரு துளி குறையாமல் திருப்பி வாங்கிக்கொள்கிறது. ஒரு முழுச் சுற்றை எடுத்துக்கொண்டால், மாடுகளின்மீது புவியீர்ப்பு செய்த மொத்த வேலை சுழி. நீரை உயர்த்திய சக்தி முழுவதும் மாடுகள் மேய்ந்த புல்லிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் வந்ததே. ஈர்ப்பு அதை மாடுகள் மேட்டுக்கு ஏறும்போது வாங்கி வைத்திருந்து, அவை இறங்கும்போது சாலுக்குக் கொடுத்த இடையாள் மாத்திரமே. ஆயினும் அந்தச் சரிவினால் மாட்டுக்கு ஒரு பெரிய ஆதாயம் உண்டு. சமதளத்தில் இழுப்பதானால் போகும்போது பாரம் முழுவதையும் தசையால் இழுத்துவிட்டு, திரும்பும்போது ஒன்றும் செய்யாமல் வரவேண்டியிருக்கும். சரிவிலோ போகும்போது உடற்பாரம் இழுக்கிறது, திரும்பும்போது தசை அவ்வுடலை ஏற்றுகிறது. தன் உடலைச் சுமந்து மேடேறுவது மாட்டுக்கு இயல்பான செயல், கழுத்தில் வடத்தின் முழு இழுப்பையும் தாங்கித் தள்ளுவதோ அதனினும் கடுமையானது. பெயர் தெரியாத எந்த முன்னோர் இந்தச் சரிவை முதலில் வெட்டினாரோ, அவருக்கு ஜூலும் நியூட்டனும் தெரியாது. வேலையைப் பங்கிடத் தெரிந்திருந்தது.

ஏற்றத்தின் அமைப்பும் இதே இனத்தது. நீண்ட துலாவின்மீது ஆள் ஒருவர் கால் மாற்றி நடந்து ஒரு கோடியை நோக்கிச் சென்றால் அவருடைய பாரத்தால் அக்கோடி தாழ்ந்து மறுகோடியிலுள்ள சால் உயர்கிறது. அவர் மறுபக்கம் திரும்பி நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்குகிறது. கீழே நிற்பவர் சாலைக் கவிழ்க்கிறார். பாட்டின் எண்ணிக்கையோடு காரியம் ஓடுகிறது. துலாமேல் நடப்பவரின் உடல் ஒவ்வொரு முறையும் இறங்குகிறபோது ஈர்ப்பு அளிப்பதையெல்லாம், அவர் மறுமுறை தம் உடலை மேலேற்றிச் செலுத்தியே ஈடு செய்கிறார். அந்திவரை ஏற்றம் மிதித்த மனிதரின் களைப்புக்குக் காரணம் அதுவே.

இதே நியதி ஆகாயத்தில் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன். சந்திரன் பூமியைச் சரியான வட்டத்தில் சுற்றுமானால், அதன் இயக்கம் எப்போதும் ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கும். ஈர்ப்பு அதன்மீது எந்த வேலையும் செய்யாது. அதன் வேகமும் மாறாது. உண்மையில் சந்திரனின் பாதை சற்றே நீண்ட வட்டம். ஆகவே பூமியை நெருங்கும்போது சிறிது விரைந்தும் விலகும்போது சிறிது தளர்ந்தும் செல்கிறது. 1910-இலும் 1986-இலும் வந்து சென்ற ஹாலி வால்நட்சத்திரத்திலோ இந்த வித்தியாசம் மிகப் பெரிது: சூரியனுக்கு மிக அருகில் அது விநாடிக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது, மிகத் தொலைவில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. இவ்வளவு நெடிய தூரங்களில் இழுப்பு ஒரே அளவாக நில்லாமல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துபோவதால், எடையை உயரத்தால் பெருக்கும் எளிய கணக்கு அங்கே செல்லாது. சிறு சிறு தூரங்களாகப் பிரித்துக் கூட்டியாக வேண்டும். பூமியின் மேற்பரப்பிலிருந்து ஒரு பொருளை ஈர்ப்பின் பிடியிலிருந்து முற்றிலும் விடுவிக்க ஆகும் வேலையில் சரிபாதி, பூமியின் ஆரத்துக்குச் சமமான உயரத்தை எட்டுவதற்குள்ளேயே செலவாகிவிடுகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன மலைமேல் பெய்த மழைக்கு மீண்டும் வருவோம். நீலகிரியில் முக்கூர்த்திச் சிகரத்துப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் கட்டி இறக்கி, மலையடியில் சிங்காராவில் அமைத்த மின் நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றும் திட்டம் 1932-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீர் இறங்கும் உயரம் 900 மீட்டருக்கும் அதிகம். இவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீருக்கு ஏற்றது பெல்டன் சக்கரம். நீர் ஒரு குறுகிய வாயின் வழியே அம்பெனப் பாய்ந்து, சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களில் மோதித் தன் வேகத்தையெல்லாம் அவற்றிடம் இழந்து சாதுவாகக் கீழே வழிகிறது. ஒரு கன மீட்டர் நீர், அதாவது 1000 கிலோ, 900 மீட்டர் இறங்கினால் ஈர்ப்பு செய்யும் வேலை 88 இலட்சத்து 20 ஆயிரம் ஜூல். விநாடிக்கு ஒரு கன மீட்டர் வீதம் நீர் இறங்கிக்கொண்டிருந்தால், குழாயிலும் இயந்திரத்திலும் நேரும் நஷ்டத்தைக் கழிப்பதற்கு முன், 8,820 கிலோவாட் திறன் கிடைக்கும். குழாய் நேராக இறங்கினாலும் மலைச்சரிவை ஒட்டி வளைந்து இறங்கினாலும் ஈர்ப்பின் வேலை ஒன்றேயாதலால், எஞ்சினியர் தமக்கு வசதியான வழியில் குழாயைக் கொண்டு செல்லலாம். கலிலியோவின் ஆணி அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. குழாய் நீண்டால் உராய்வு கூடும் என்பது ஒன்றே அவர் கவனிக்க வேண்டியது.

சிங்காராவில் வேலை செய்து முடித்த நீர் கடல் மட்டத்துக்கு வந்துவிடவில்லை. அது இன்னும் உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே அதையே மறுபடி பிடித்து மோயாறு மின் நிலையத்தில் இன்னொரு முறை இறக்கிப் பயன் கொள்ள முடிந்தது. மோயாறு பின்னர் பவானியோடு கலந்து, பவானிசாகர் அணையில் தேங்கி, வாய்க்கால்களின் வழியே வயல்களுக்குப் போகிறது. அங்கேயும் நீரை முன்னோக்கி நடத்துவது வாய்க்காலின் அற்பமான சரிவில் ஈர்ப்பு செய்யும் வேலையே. ஒரே நீர் மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு படியிலும் அந்தப் படியின் உயரத்துக்கு உரியதை மட்டும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அடுத்த படிக்கு எடுத்துச் செல்கிறது.

கவலையில் மாட்டைப் பற்றிக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும்: இந்த நீரை மேலே ஏற்றியது யார்? சூரியன். கடலின் மேற்பரப்பை வெயில் காய்ச்சி நீராவியாக்கி, காற்று அதை உயரத்துக்கு ஏற்றி, பருவமழையாக நீலகிரியின்மேல் சொரியச் செய்தபோது ஈர்ப்புக்கு எதிராக நடந்த வேலையில் ஒரு பங்கையே சிங்காராவில் திரும்பப் பெறுகிறோம். சூரியனின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு எவ்வளவு சிறிது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிலோ பைக்காராவில் இறங்கும்போது நமக்கு வருவது ஒன்பதாயிரம் ஜூலை ஒட்டியது. ஆவி குளிர்ந்து மேகமாகும் இடத்தில் அந்தப் பெருந்தொகையான வெப்பம் காற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது. நாம் பெறும் மின்சாரம் சூரியனுடைய மகத்தான செலவின் ஓர் ஓரத்துத் துணுக்கு.

நீர் குழாயில் இறங்காமல் அருவியாக விழுந்துவிட்டால் அந்த வேலை என்னவாகும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில் மது வடிக்கும் தொழிற்குடும்பத்தில் 1818-இல் பிறந்த ஜேம்ஸ் ஜூல். எடைக் கற்கள் கீழிறங்கும்போது கயிற்றின் மூலம் நீருக்குள் துடுப்புகள் சுழலும்படி அமைத்து, நீரின் வெப்பநிலை உயர்வதை மிக நுட்பமான வெப்பமானிகளால் அவர் அளந்தார். ஒரு ராத்தல் நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற்ற, 772 ராத்தல் எடை ஓர் அடி இறங்கினால் செய்யும் வேலை வேண்டும் என்பது 1850-இல் அவர் வெளியிட்ட முடிவு. அதற்கு முன்பே, நயாகரா ஆற்றின் நீர் 160 அடி விழுவதனால் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடேற வேண்டும் என்றும் அவர் கணித்திருந்தார். 1847-இல் ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில், பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் அவரை வழியிலே சந்தித்தார். புதிதாக மணமுடித்த மனைவியோடு தேனிலவுக்கு வந்திருந்த ஜூல், அருவியின் வெப்பநிலையை அளக்கக் கையில் நீண்ட வெப்பமானியோடு இருந்ததாகத் தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து சலான்ஷ் அருவியில் முயன்றபோது, நீர் வழியெல்லாம் சிதறித் திவலைகளாகிவிட்டதால் அளவு கூடிவரவில்லை. ஆனால் அந்த முயற்சியின் பின்னே இருந்த நம்பிக்கை எத்துணை உறுதியானது! பைக்காராவின் நீர் சிங்காராவரை சக்கரம் எதையும் சுழற்றாமல் பாறைகளில் மோதியே இறங்கியிருந்தால், காற்றாலும் ஆவியாதலாலும் வெப்பம் பிரிந்துபோகாத பட்சத்தில், இரண்டு சென்டிகிரேடு டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்கும்.

வேலை வெப்பமாக மாறும் என்னும் இந்த உண்மையை வைத்துக்கொண்டு நம் காலத்து மின் நிலையம் ஒன்றைப் பார்த்தால், இதுவரை சொன்னவையெல்லாம் அங்கே ஒருங்கே நடப்பதைக் காணலாம். ஆனைமலைத் தொடரில் காடம்பாறையில் 1980-களின் பிற்பகுதியில் ஓர் ஏற்பாடு நிறைவேறிற்று. மின்சாரத்தின் தேவை குறைந்திருக்கும் வேளையில், மிகுந்து நிற்கும் மின்சாரத்தைக்கொண்டு மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீரை இயந்திரங்கள் மேலேயுள்ள காடம்பாறைத் தேக்கத்துக்கு ஏற்றுகின்றன; தேவை மிகும் வேளையில் அதே நீர் அதே வழியாக இறங்கி அதே இயந்திரங்களைத் திருப்பிச் சுழற்றி, 400 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. ஏற்றியபோது எதிர்க்குறியோடு எவ்வளவு வேலையோ, இறக்கியபோது நேர்க்குறியோடு அவ்வளவே வேலை. புவியீர்ப்பின் கணக்கில் நஷ்டம் என்பது இல்லை. இருந்தும் ஏற்றுவதற்குச் செலவிட்ட மின்சாரம் முழுவதும் இறங்கும்போது திரும்ப வருவதில்லை. குழாயின் சுவரோடு நீர் உராய்ந்ததிலும், சக்கரத்தருகே அது சுழித்துக் கலங்கியதிலும், மின்பொறிகளின் கம்பிச் சுருள்களிலும் ஒரு பகுதி ஒவ்வொரு போக்கிலும் வெப்பமாக மாறி, நீரிலும் காற்றிலும் கலந்துவிடுகிறது. அந்தப் பகுதியைக் குறைப்பதுதான் எஞ்சினியரின் கைத்திறனுக்கு விடப்பட்டிருக்கிறது.